நீல டப்பா, மஞ்சள் டப்பா

ஏழு வாரம் எழுதிய நோட்டு ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. ஸ்கேல் வைத்துக் கட்டம் கிழித்து, இடப்பக்கம் ‘மஞ்சள்’, வலப்பக்கம் ‘நீலம்’ என்று தலைப்பிட்டு, என் காற்றுத் துப்பாக்கியின் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘நீலமே’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. இரண்டாவது கோட்டை அடிக்கும்போது பேனா தாளைக் கிழித்திருக்கிறது. அவ்வளவு உறுதி எனக்கு. பத்தாம் வகுப்புக்குத் திட்ட விலக்கம் (எண்களின் சிதறலை அளக்கும் கணக்கு) நடத்துகிறவன் எழுதிய நோட்டு என்று வெளியே காட்ட முடியாது. கிழித்துப் போடவும் கை வரவில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டு உறுத்துகிறது. எழுதிவிட்டாலாவது உறுத்தல் குறைகிறதா பார்ப்போம்.

துப்பாக்கிப் பழக்கம் எனக்குக் கல்லூரி என்.சி.சி.யில் வந்தது. முகாமில் குப்புறப் படுக்க வைத்து, .22 ரைஃபிளைக் கையில் கொடுத்து, ஐந்து தோட்டா எண்ணித் தருவார்கள். நடுப்புள்ளியில் பட்டதா என்று எங்கள் ஹவில்தார் கேட்கவே மாட்டார். ஐந்து ஓட்டையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்றுதான் பார்ப்பார். அதற்குக் குரூப்பிங் என்று பெயர். மொத்தமாக விலகியிருந்தால் குறிபார்க்கும் சைட்டைத் திருகினால் போதும், சிதறியிருந்தால் ஆளின் காதைத் திருக வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். பிறகு வேலை, கல்யாணம், வீட்டுக்கடன். 44 வயதில், ஆட்டத்தைக் கைவிட்ட ஒருவரிடமிருந்து பத்து மீட்டர் போட்டிக்கான பழைய காற்றுத் துப்பாக்கியை வாங்கினேன். பாளையங்கோட்டையில் என் வீட்டு மொட்டை மாடி குறுக்கே அளந்தால் பதினொரு மீட்டர். மாடிப்படி அறைக்குள் உட்கார்ந்து சுட்டால் எதிர்ச்சுவர் ஓரம் இரும்புத் தகடு வைத்த மரப்பெட்டியில் போய் விழும். வீடு வாங்கியபோது தரகர் சொல்லாத ஒரே வசதி அதுதான்.

அதில் போடும் ஈயக் குண்டை எங்கள் பக்கம் பெல்லட் என்று யாரும் சொல்வதில்லை, ரவை என்பார்கள். ‘சாருக்கு ரவை பார்சல் வந்திருக்கிறது’ என்று கூரியர் பையன் தெருவில் கூவப்போய், எதிர்வீட்டு அம்மாள் ‘பம்பாய் ரவையா, சம்பா ரவையா’ என்று கேட்டார். 4.5 மில்லிமீட்டர் குறுக்களவு, அரை கிராமுக்குச் சற்று மேல் எடை, உடுக்கைபோல் இடுப்பு ஒடுங்கிய உருவம். முன்னே தட்டைத் தலை, பின்னே உள்ளீடற்ற பாவாடை. பத்து மீட்டர் தூரத்துக் குறியட்டையில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி. குண்டூசித் தலையைவிடச் சிறிது. அதைத் துளைக்கப் போகும் ரவை, புள்ளியைவிட ஒன்பது மடங்கு அகலம். இந்த விகிதத்தை நினைத்துக்கொண்டே இருந்தால், கையிலிருக்கும் ரவை ஒழுங்கானதுதானா என்ற சந்தேகம் யாருக்கும் வரும்.

எனக்கு அந்தச் சந்தேகத்தை ஊதிப் பெரிதாக்கியவர் அத்தான்.

தேர் நிலைக்கு வந்த இரவு

அத்தான் என் அத்தை மகன். இருபது வருடமாக டெக்சாஸில் இருக்கிறார். போன ஆனித் தேரோட்டத்துக்கு வந்திருந்தார். நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த இரவு, மாடியில் பாய் விரித்துப் படுத்தபடி, விடியற்காலை இரண்டு மணி வரை தோட்டாவைப் பற்றியே பேசினார். அவர் சுடும் தூரம் 1000 கெஜம், அதாவது 914 மீட்டர். ஈரடுக்கு மேம்பாலத்தின் ஒரு முனையில் படுத்துக்கொண்டு மறுமுனையில் இருக்கும் தாம்பாளத்தைக் குறி வைப்பது போன்றது என்றார். அவ்வளவு தூரத்தைக் கடக்கக் குண்டுக்கு ஒன்றரை விநாடி ஆகும். போகும் வழியில் ஏழு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். இரண்டு மாடி வீட்டு உயரத்துக்கு மேலே குறி வைத்தால்தான் நேராகப் போய்ப் படும்.

கடையில் விற்கும் தோட்டா அவருக்குப் போதவில்லை. சொந்தமாகவே அடைத்துக்கொள்கிறார். அமெரிக்காவில் கார் ஷெட்டில் ஒரு கை அழுத்தியை மேசையில் முடுக்கிவிட்டால் அதுவே பட்டறை. சுட்டு முடித்த பித்தளை உறையைச் சேகரித்து, கழுவி, அச்சில் கொடுத்து அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டை அமர்த்துவது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். அங்கே அது மீன்பிடிப்பதுபோல, தச்சு வேலைபோல ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. இவ்வளவு மெனக்கெடுவதற்கு அத்தான் சொன்ன காரணம் எனக்கு உடனே பிடிபட்டது. விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டிய குண்டு ஒன்பது மீட்டர் குறைந்து கிளம்பினால், அந்தக் கோடியில் ஏறத்தாழ ஒரு சாண் கீழே படும். நூறு கெஜத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் மருந்தை கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம் துல்லியத்துக்கு நிறுக்கிறார்.

குண்டைத் தேர்வது பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவருடைய துப்பாக்கி 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கானது. அதற்கு 120 கிரெய்னிலிருந்து 147 கிரெய்ன் வரை பல எடைகளில் குண்டுகள் கிடைக்கின்றன. எடை குறைந்தது வேகமாகக் கிளம்பும், ஆனால் சீக்கிரம் மூச்சு வாங்கும். கனமானது நிதானமாகக் கிளம்பும், கடைசிவரை வேகத்தை விட்டுக்கொடுக்காது, காற்றிலும் குறைவாகவே ஒதுங்கும். அப்படியானால் இருப்பதிலேயே கனமானதைப் போட்டுவிடலாமே என்றேன். கனம் கூடினால் நீளம் கூடும், நீளம் கூடினால் தலைகுப்புற விழாமல் நிற்க அதிகச் சுழற்சி வேண்டும் என்றார். குழலுக்குள் இருக்கும் திருகுப் பள்ளம் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றா, பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றா என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு நீளக் குண்டை அது நிறுத்தும் என்பது முடிவாகும். பம்பரம் விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாட்டையைச் சோம்பலாக இழுத்தால் பம்பரம் தலையாட்டும்.

இன்னொன்றும் சொன்னார். போட்டிக் குண்டுகளின் மூக்கு நுனியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். வேட்டைக் குண்டில் இருப்பதுபோல அது பிளந்து விரிவதற்கான ஏற்பாடு இல்லை. செம்பு உறைக்குள் ஈயத்தை மூக்குப் பக்கமாக உள்ளே தள்ளுவதால் மிஞ்சும் வாய் அது. பின்பக்கம் வழியாகத் தள்ளினால் பின்பக்கத்தில் மடிப்பு விழும். குழலை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து வாயு பீறிட்டு வரும்போது அந்தப் பின்பக்கம் இம்மியும் கோணலாக இருக்கக் கூடாது. மூக்கு சற்றுக் கோணினாலும் பொறுத்துக்கொள்ளலாம், முதுகு கோணக் கூடாது. ‘அப்படியானால் என் ரவையின் பாவாடை?’ என்று பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். ‘அதேதான் மாப்பிள்ளை’ என்றார்.

காற்றைப் பற்றியும் பேசினோம். பணகுடிப் பக்கம் ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் 1000 கெஜம் சுட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ‘குண்டு ராதாபுரத்தில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும்’ என்றார். மிதமான பக்கக்காற்றுக்கே ஒன்றரை மீட்டர் ஒதுங்குகிற பொருள் அது.

தூங்குவதற்கு முன் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். உறையின் வாயில் குண்டை எவ்வளவு ஆழம் அமர்த்துவது என்று சோதிப்பதற்காக, அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குகளாக ஆழத்தை மாற்றி மாற்றிப் பத்து விதமாக அடைத்து, விதத்துக்கு மூன்று குண்டு சுட்டிருக்கிறார். ஒன்பது அட்டைகளில் மூன்று மூன்று ஓட்டைகள். ஆறாவது விதத்தில் மட்டும் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே ஓட்டை. ‘என் துப்பாக்கிக்கு இதுதான் பிடித்திருக்கிறது’ என்றார். பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரின் குரல். அன்றிலிருந்து அந்த ஆழத்தை அவர் மாற்றவில்லை.

பத்தர் சொன்னது

அத்தானைத் தூத்துக்குடியில் விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாளே எனக்குப் பைத்தியம் பிடித்தது. என்னால் மருந்து நிறுக்க முடியாது, குண்டு அமர்த்த முடியாது. ரவையைத் தேர்ந்தெடுக்கவாவது முடியுமே? டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்தில் ஒரு பத்தர் இருக்கிறார். என்னிடம் படித்த பையனின் அப்பா. அவரிடம் ஒரு மில்லிகிராம் காட்டும் தராசு இருந்தது. நூறு ரவைகளை ஒரு கிண்ணத்தில் போட்டு எடுத்துப் போனேன். ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்து வைத்தார். 0.528, 0.533, 0.531, 0.536. சிரிக்காமல் வேலையைச் செய்தார் என்பதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்வேன்.

இடையில் கிரெய்ன் என்றால் என்ன என்று கேட்டார். ஒரு பவுண்டில் 7000 பங்கு, 64.8 மில்லிகிராம், பார்லி மணியின் எடையிலிருந்து வந்தது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ‘நம்முடையதும் தானியம்தானே சார்? நாலு நெல் ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இரண்டு மஞ்சாடி ஒரு பணவெடை’ என்று அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்த வாய்பாட்டை ஒப்பித்தார். என் ரவை நாலு குன்றிமணிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. ஊர்ப் பெயரிலேயே நெல்லை வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரனுடைய தானியத்தை நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எடைவாரியாகப் பிரித்து முடித்ததும், ‘இதில் எது நல்லது என்று எப்படித் தெரியும்?’ என்றார். எல்லாம் ஒரே எடையாக இருந்தால் நல்லது என்றேன். ‘எடை சரியாக இருக்கிறது என்பதற்காகத் தங்கம் என்று ஒப்புக்கொள்வேனா சார்? உரசிப் பார்க்க வேண்டாமா?’ என்று பட்டறைப் பலகையில் கிடந்த உரைகல்லைக் காட்டினார். எனக்கு அது சரியாகப் பட்டது. ரவைக்கு உரைகல் அட்டைதான். எடை பார்ப்பதை அன்றோடு விட்டேன்.

ஒரே தயாரிப்பில் இரண்டு டப்பா வாங்கினேன், டப்பாவுக்கு 500 ரவை. ஒன்றில் தலையின் குறுக்களவு 4.49 மில்லிமீட்டர், அதில் மஞ்சள் ஸ்டிக்கர். மற்றதில் 4.50, நீல ஸ்டிக்கர். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தலையளவு ஒத்துப்போகும் என்பது இந்த ஆட்டக்காரர்களின் நம்பிக்கை. தேசிய அளவில் ஆடுகிறவர்கள் துப்பாக்கியை மேசையோடு பொருத்திய இடுக்கியில் பூட்டி, டப்பாவில் அச்சிட்ட தொகுதி எண் வாரியாகச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வழக்கம். என்னிடம் இடுக்கி இல்லை. மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டேன். ஆடி முதல் ஞாயிறு தொடங்கி வாராவாரம் காலை ஆறு மணிக்கு, காற்று கிளம்புவதற்கு முன், மஞ்சளில் ஐந்து, நீலத்தில் ஐந்து. மிகத் தொலைவிலுள்ள இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் வெர்னியரால் அளந்து நோட்டில் ஏற்றினேன். ஏழு வாரம் முடிந்தபோது மஞ்சளின் சராசரி 2.8 மில்லிமீட்டர், நீலம் 2.3. சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

‘பத்து டப்பா வேண்டாம்பா’

நீலத்தில் அதே தொகுதி எண் கிடைக்கும்போதே பத்து டப்பா வாங்கி வைத்துவிட வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். விலையைக் கேட்ட என் மனைவி தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் ஒன்பதாம் வகுப்பு. சற்று நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘பத்து டப்பா வேண்டாம்பா’ என்றாள்.

‘ஏன்?’

‘இரண்டும் ஒன்றுதான்.’

ஆடி முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் மாலை காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள். மாடிப்படி அறையின் அலமாரித் தட்டில் மூடி சரியாக மூடாமல் இரண்டு டப்பாவையும் வைத்திருந்தவன் நான். முழங்கை பட்டு இரண்டும் விழுந்து, ஆயிரம் ரவையும் தரையில் கலந்து ஓடிவிட்டன. துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் அள்ளி, ஊதி, பாவாடை நசுங்கியது என்று கண்ணுக்குத் தெரிந்தவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை இரண்டு டப்பாவிலும் பாதிப் பாதியாகப் போட்டிருக்கிறாள்.

‘எண்ணியா போட்டாய்?’ என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைத்தான் கேட்கத் தோன்றியது.

‘குத்துமதிப்பாக.’

கோபம் வரவில்லை. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஏழு வாரமாக ஒரே கலவையைத்தான் இரண்டு டப்பாக்களிலிருந்து எடுத்துச் சுட்டிருக்கிறேன். அப்படியானால் அந்த அரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? தற்செயல் என்று சொல்லிவிடலாம், பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் விளக்கொளியில் நோட்டைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. மூன்றாவது வாரம், நீலத்தில் ஒரு ஓட்டை தனியாக விலகிப் போயிருக்கிறது. பக்கத்திலேயே என் கையெழுத்து: ‘கீழ்வீட்டு மிக்சி. மறுபடி சுட்டது கணக்கில்.’ ஐந்தாவது வாரம் நீலத்தில் இன்னொன்று: ‘காகம்.’ ஆறாவது வாரம்: ‘பஸ் ஹார்ன், சேர்க்கவில்லை.’ மஞ்சள் பக்கத்தைத் தேடினேன். அங்கேயும் விலகிய ஓட்டைகள் இருந்தன. அவற்றுக்கு மிக்சி இல்லை, காகம் இல்லை, பஸ்ஸும் ஓடவில்லை. எண் மட்டும் இருந்தது.

முதல் வாரம் தற்செயலாக நீலம் நெருக்கமாக விழுந்திருக்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து நான் நீலத்தின் வக்கீல். இத்தனைக்கும் ஒவ்வோர் ஆண்டும் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போகிறவன் நான். பெயர் இல்லாமல், பள்ளி தெரியாமல்தான் தாள்கள் எங்களிடம் வரும். ஏன் அப்படி மறைத்துத் தருகிறார்கள் என்று புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு விளக்கிச் சொல்கிற மூத்தவனும் நானே. என் சொந்த மாடியில் ஸ்டிக்கரை ஒட்டி, கண்ணெதிரே வைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன்.

புளியங்கொட்டை

அந்த வாரமே வகுப்பில் ஒரு வேலை செய்தேன். பலசரக்குக் கடையில் ஒரு பை புளியங்கொட்டை வாங்கி இரண்டாகப் பிரித்தேன். ஒன்று கடையத்து மரத்துக் கொட்டை, மற்றது சிவகிரி மரத்துக் கொட்டை என்று மனதறிந்து பொய் சொன்னேன். மைதானத்தில் மணலை நனைத்து, குச்சியால் சிறு குறி போட்டு, 42 மாணவர்களும் ஆளுக்கு ஐந்து கொட்டையைத் தோள் உயரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மிகத் தொலைவில் விழுந்த இரண்டுக்கும் இடையே ஸ்கேல் வைக்க வேண்டும். குறைந்தது 9 சென்டிமீட்டர், அதிகம் 28. சராசரி 18ஐ ஒட்டி வந்தது. கடையம் சற்று முந்தியது. ஏன் என்று கேட்டேன். கைகள் உயர்ந்தன. கடையத்துக் கொட்டை தட்டையாக இருக்கிறது சார். கனமாக இருக்கிறது சார். சிவகிரிக் கொட்டையில் பளபளப்பு அதிகம், கையை விட்டு வழுக்குகிறது சார். ஒருவன் மண் வளம் வரைக்கும் போய்விட்டான். இவ்வளவு ஆர்வமாக அவர்கள் என் வகுப்பில் பேசியதே இல்லை.

9 சென்டிமீட்டர் போட்டவனைக் கூப்பிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ‘வேண்டாம் சார், அதுவே இருக்கட்டும்.’

அவனிடம் என்னைப் பார்த்தேன், அத்தானின் கைப்பேசியையும் பார்த்தேன். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே ஆள் என்றாலும் ஐந்து ஐந்தாகச் சுட்டால் அந்த அகலம் தன் சராசரியிலிருந்து கால் பங்குக்கு மேல் இப்படியும் அப்படியும் போவது இயல்பு; மூன்று மூன்றாகச் சுட்டால் ஆட்டம் இன்னும் அதிகம். தவிர, மூன்று குண்டின் அகலம் எப்போதுமே அழகாகத்தான் தெரியும். அதே தோட்டாவில் பத்து சுட்டால் சராசரி அகலம் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். பத்து விதமாக அடைத்து, விதத்துக்கு மூன்று சுட்டால், பத்தும் உள்ளுக்குள் ஒன்றே என்றாலும் சிறிய குரூப்பிங்குக்கும் பெரியதுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் வந்து நிற்கும். அதில் சிறியதைப் பொறுக்கி எடுத்து, ‘என் துப்பாக்கிக்கு இதுதான் பிடித்திருக்கிறது’ என்கிறோம். துப்பாக்கிக்கு எங்கே பிடித்தது? நமக்குப் பிடித்தது.

அத்தானைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா கொட்டிய கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். புளியங்கொட்டைக்கும் சிரித்தார். அவருடைய ஆறாவது விதத்தைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. ‘ரவை வேறு, தோட்டா வேறு மாப்பிள்ளை’ என்றார். நியாயம்தான், சிலவற்றை அவர் அளந்து காட்டுகிறார். மருந்தின் எடை மாறினால் வேகமானியில் வேகம் மாறுவது தெரிகிறது. எடை கூடிய குண்டு காற்றில் குறைவாக ஒதுங்குவது ஆயிரம் கெஜத்தில் தெளிவாகத் தெரிகிறது. அவற்றுக்கு யாருடைய நம்பிக்கையும் தேவையில்லை. அந்த ஆறாவது ஆழத்துக்கு மட்டும்தான் என் கேள்வி. ‘அந்தப் படத்துக்கு அப்புறம் எத்தனை தடவை ஒரே ஓட்டையாக விழுந்தது அத்தான்?’ என்றேன். டெக்சாஸில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: ஒரு நாள் கானல் அதிகம், ஒரு நாள் தோட்டாப் பெட்டி வெயிலில் சூடேறிவிட்டது, ஒரு நாள் பக்கத்து மேசையில் ஒருவன் பெரிய துப்பாக்கி வைத்துச் சுட்டுத் தொந்தரவு செய்துவிட்டான். மிக்சி, காகம், பஸ் என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, வயதில் மூத்தவர்.

என் சோதனையை மறுபடி செய்தேன். புதிதாக நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, உள்ளூரில் கிடைக்கும் மலிவு ரவை ஒன்று. நாலாவதாக, பாவாடையை வேண்டுமென்றே நான் லேசாக நசுக்கியவை. பத்தரிடம் மூக்குத்தி வைக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள் நாலு வாங்கி மகளிடம் கொடுத்தேன். எதில் எது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஒரு தாளில் எழுதி ஜாமெட்ரி பாக்ஸில் பூட்டிவிட்டாள். டப்பாவுக்கு 30 ரவை. தொலைவான இரண்டு ஓட்டையை மட்டும் பார்ப்பதை விட்டு, ஒவ்வோர் ஓட்டையும் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று முப்பதையும் அளந்து சராசரி எடுத்தேன். முப்பது பேர் எழுதிய தேர்வில் முதல் மாணவனையும் கடைசி மாணவனையும் மட்டும் வைத்து வகுப்பை எடைபோடுவதா? மிக்சி ஓடியது, காகமும் வந்தது. எதையும் நீக்கவில்லை. நசுங்கிய பாவாடை எந்த டப்பாவில் என்று பத்தாவது ரவையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அப்படிச் சிதறியது. மலிவு ரவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்படி தனியாக நின்றது. மீதி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என் வெர்னியரை நான் நம்பக்கூடிய அளவைவிடக் குறைவு. மகள் தாளைப் பிரித்துக் காட்டினாள். எது நீலம் என்று நான் சொன்னது தப்பு.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அத்தானிடமிருந்து ஒரு படம் வந்தது. இரண்டு குறியட்டைகள் பக்கத்தில் பக்கத்தில், ஒவ்வொன்றிலும் முப்பது ஓட்டை. மனைவியை, அதாவது அக்காவை விட்டுத் தோட்டாக்களை இரண்டு பெட்டியில் மாற்றி வைக்கச் சொல்லி, எது ஆறாவது விதம் என்று தெரியாமலே சுட்டிருக்கிறார். அக்கா இன்னும் அவருக்குச் சொல்லவில்லையாம். கீழே ஒரே வரி: ‘நீ சொல் மாப்பிள்ளை, எது?’

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் மேல் மூலையில் இரண்டு ஓட்டை தள்ளிப் போயிருந்தன. அது துப்பாக்கியின் குற்றமாகத் தெரியவில்லை, நிச்சயமாகக் காற்றுதான். அதை விட்டுவிட்டுப் பார்த்தால் இடப்பக்கம் நெருக்கம். ‘இடது’ என்று தட்டி அனுப்பிவிட்டேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்த மகள், ‘எதைப்பா விட்டுவிட்டுப் பார்த்தாய்?’ என்றாள்.